நுவாங் மலையில் இருட்டிவிட்டால்: ஒவ்வொருவர் பையிலும் என்ன இருக்க வேண்டும்?

செந்தூல்வாசி:

வணக்கம். எங்கள் இளைஞர் மன்றத்திலிருந்து 14 பேர் அடுத்த மாதம் உலு லங்காட் பங்சூன் வழியாக நுவாங் மலை ஏறி இறங்கப் போகிறோம். ஒரே நாள் பயணம். வயது 17 முதல் 52 வரை. புக்கிட் காசிங், புரோகா இரண்டும் எல்லாருக்கும் பழக்கம். அதைவிடப் பெரிய மலை யாரும் ஏறியதில்லை. வனத்துறை அனுமதிக்கும் மலை வழிகாட்டிக்கும் விண்ணப்பித்தாயிற்று.

நான் கேட்பது, திட்டம் குலைந்தால் என்ன செய்வது என்பதைத்தான். யாருக்காவது கால் பிசகி, மழையும் பிடித்து, ஒரு பகுதியினர் காட்டிலேயே இரவைக் கழிக்க வேண்டி வந்தால் பையில் என்ன இருக்க வேண்டும்? கூடாரம் தூக்க வேண்டுமா? பாராங் (காட்டுக் கத்தி) தேவையா? ஈரக் காட்டில் தீ மூட்ட முடியுமா? தண்ணீர் எவ்வளவு? இன்னொன்று, வழி தவறினால் ஆற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று மன்றத்தில் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். சரியா?

ராவாங் மலைநடை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அதுதான் ஆளைக் கொல்லும். ஆற்றைப் பிடித்து இறங்காதீர்கள். தித்திவங்சா தொடரின் ஓடைகள் படிப்படியாக இறங்குவதில்லை. பாறை விளிம்பில் வந்து அருவியாக விழும். வழுக்குப் பாறையில் இரண்டு ஆள் உயரம் சறுக்கி இறங்கிவிடலாம், திரும்ப ஏற முடியாது. அடுத்த அருவி அதைவிட உயரமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்வீர்கள். அங்கே தண்ணீர் இரைச்சலில் நீங்கள் ஊதும் விசிலும் வெளியே கேட்காது, தேடுபவர் கூப்பிடுவதும் உங்கள் காதில் விழாது.

அதோடு கெப்பாலா ஆயர், அதாவது மேலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் ஆற்று வெள்ளம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும். மேலே முகட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். சருகும் கட்டையும் அடைத்துத் தேங்கிய தண்ணீர் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, இலையும் குச்சியும் மொத்தமாக மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கூடுவது, காரணமில்லாமல் நீர்மட்டம் இறங்குவது அல்லது ஏறுவது: இதில் ஒன்றைக் கண்டாலும் பையை எடுக்கக்கூட நிற்காமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். லோலோ முகாமை ஒட்டி ஆறு ஓடுகிறது. எல்லாரும் குளிக்க இறங்குவது அங்கேதான், இறங்கி வரும்போது பெரும்பாலும் மழை பிடிக்கிற பிற்பகலில். ஆற்றோரம் ஓய்வெடுப்பதானால் மரக்கிளைகளில் பழைய சருகும் குப்பையும் எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் மேலே உட்காருங்கள்.

வழி தவறிவிட்டது என்று சந்தேகம் வந்த அந்த நிமிடமே நில்லுங்கள். தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் உட்கார்ந்து, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது என்று யோசியுங்கள். வந்த தடம் கண்ணுக்குத் தெரிந்தால் அதே தடத்தில் திரும்பலாம். தெரியவில்லை என்றால் அங்கேயே இருந்துவிடுங்கள். தேடுபவர்கள் பாதையிலிருந்துதான் தேடத் தொடங்குவார்கள். நீங்கள் நகர நகர அவர்கள் தேட வேண்டிய பரப்பு பெருகிக்கொண்டே போகும்.

இனி நேரம். பங்சூனிலிருந்து லோலோ வரை நீண்ட, அகலமான மண்பாதை. அதன் பிறகு பாச்சாட் முகாம், பெங்காசிஹ் சிகரம், அங்கிருந்து ஒரு இறக்கம், மறுபடி ஏற்றம், அப்புறம்தான் 1,493 மீட்டரில் உச்சி. புரோகா அளவுக்குப் பழகியவர்களுக்கு ஏறி இறங்க 10 மணி நேரத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில். ஆனால் அடர்ந்த மரநிழலில் 6.15-க்கே கால் வைக்கும் இடம் தெரியாது. விடிந்தவுடன் நடக்கத் தொடங்குங்கள். பிற்பகல் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புங்கள், உச்சி அரை மணி தூரத்தில் தெரிந்தாலும் சரி. இறங்க நாலரை மணி நேரம் என்றால், கால் பிசகியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வர உங்களிடம் மிஞ்சுவது ஒரு மணி நேரம்கூட இல்லை.

மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் கடைசியில், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. "நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். காணாமல் போவது அங்கேதான் ஆரம்பம்.

இரவு தங்க நேர்ந்தால் முதல் எதிரி குளிர். மலேசியக் காட்டில் குளிரா என்று சிரிப்பார்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஊரில் இரவு 24 டிகிரி என்றால் நுவாங் முகட்டில் 15, 16. வியர்வையும் மழையும் ஊறிய சட்டையோடு காற்றில் உட்கார்ந்தால் உடல் சூடு இறங்கிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொருவரும் தூக்க வேண்டியவை: 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் தடித்த கறுப்புக் குப்பைப் பை 2; கெட்டியாக மூடிய நெகிழிப் பையில் ஒரு முழுக்கைச் சட்டையும் ஒரு ஜோடிக் காலுறையும் (இவற்றை நடக்கும்போது எடுக்கவே கூடாது); தலையில் மாட்டும் விளக்கு; விசில்; லைட்டர்; சமைக்காமல் சாப்பிடக்கூடிய கூடுதல் உணவு ஒரு வேளைக்கு. நாலைந்து பேருக்கு ஒன்றாக 3க்கு 3 மீட்டர் ஃப்ளைஷீட் (தலைக்கு மேல் கட்டும் நீர் புகாத விரிப்பு), 4 மில்லிமீட்டர் கயிறு 20 மீட்டர். கூடாரம் வேண்டாம். பாராங் வேண்டவே வேண்டாம். களைத்த கையில் அது முதலில் வெட்டுவது சொந்தக் காலைத்தான்.

இடம் தேர்வது: நிமிர்ந்து மேலே பாருங்கள். காய்ந்த கிளை, சாய்ந்த மரம், பெரிய டுரியான் மரம் எதுவும் தலைக்கு மேல் இருக்கக் கூடாது. முகட்டின் நுனியும் வேண்டாம், இடி. பள்ளத்தின் அடியும் வேண்டாம், தண்ணீர். முகட்டிலிருந்து சற்றே இறங்கிய சரிவு நல்லது. இரண்டு மரங்களுக்கு நடுவே இடுப்பளவில் கயிறு கட்டி, ஃப்ளைஷீட்டை அதன் மேல் போட்டு, காற்று வரும் பக்கத்தைத் தரையோடு இழுத்துக் கட்டுங்கள். உயரமாகக் கட்டினால் நிமிர்ந்து நிற்கலாம். சாரல் முழுவதும் உள்ளே வரும். கயிற்றின் இரு முனைகளிலும் ஒரு துண்டுத் துணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து கயிறு வழியாக வரும் தண்ணீர் அந்தத் துணியில் சொட்டிவிடும், நடுவுக்கு வராது.

கீழே என்ன என்பது மேலே என்ன என்பதைவிட முக்கியம். ஈரத்தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஒரு குப்பைப் பையில் சருகு, பெரணி, இலை எது கிடைத்தாலும் அடைத்து மெத்தையாக்குங்கள். கையால் அள்ளாமல் குச்சியால் கிளறி அள்ளுங்கள், பூரான் இருக்கும். உட்கார்ந்து அழுத்தியபின் ஒரு சாண் கனம் மிஞ்ச வேண்டும். இரண்டாவது பையின் அடிப்பக்க மூலையில் முகம் மட்டும் வெளியே தெரியும்படி ஓட்டை போட்டு, தலைவழியாக மாட்டிக்கொள்ளுங்கள். மூக்கும் வாயும் கட்டாயம் வெளியே. நடுங்கத் தொடங்கும் முன்பே, நடை நின்றவுடன், உலர்ந்த சட்டைக்கு மாறிவிடுங்கள். வெள்ளித்தாள் போர்வையை மட்டும் நம்ப வேண்டாம். பிரம்பு முள்ளில் ஒரு முறை பட்டால் கிழிந்துவிடும், தரைக் குளிரையும் அது தடுக்காது.

தீ: உடம்பைக் காக்கும் வரிசையில் மூன்றாவதுதான். தரையில் கிடக்கும் விறகு எதுவும் எரியாது. மரத்தில் நின்றபடியே காய்ந்த விரல் பருமன் கிளைகளை ஒடித்து, தோலைச் சீவி, நடுவே பிளந்தால் உள்ளே உலர்ந்திருக்கும். பற்றவைக்க மஸ்ஜிட் இந்தியாவிலோ லெபோ அம்பாங்கிலோ வாங்கும் பூஜைச் சூடமே போதும். ஈரக்கையோடு எடுத்தாலும் பிடிக்கும், குச்சி பற்றும்வரை நின்று எரியும். காற்று பட்டால் தானாகக் கரைந்துவிடும் என்பதால் இறுக்கமான டப்பாவில் போடுங்கள். சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு நறுக்கிய நாலைந்து துண்டுகளும் அதே டப்பாவில் இருக்கட்டும். மழைத் தூறலிலும் எரியும், புகை கறுப்பாக வரும், மூக்கருகே வேண்டாம். ஃப்ளைஷீட்டுக்கு அடியில் தீ மூட்டாதீர்கள். இது வனக்காப்பகம், அவசரம் தவிர வேறு எதற்கும் தீ கூடாது.

கிள்ளான் தாதி:

மேலே சொன்னதில் மருத்துவப் பக்கத்தைச் சேர்க்கிறேன். இதைப் படித்துவிட்டு முதலுதவிப் பெட்டி வாங்க ஓடாதீர்கள். அதற்கு முன் 14 பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: இனிப்புநீர் (நீரிழிவு), ரத்த அழுத்தம், ஆஸ்துமா, குளவி கொட்டி முகம் வீங்கிய அனுபவம். எல்லார் முன்னாலும் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், ஏறும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், அதைத் தண்ணீர் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். உப்புக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு 2 வையுங்கள். இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீருக்குச் சமமட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது.

இனிப்புநீர் உள்ளவர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிடப் பல மடங்கு உழைக்கப் போகிறார். சர்க்கரை இறங்கும். கை நடுக்கம், எரிச்சல், பேச்சுத் தடுமாற்றம் கண்டால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் தேறவில்லை என்றால் இன்னொரு முறை. தேறியபின் ரொட்டியோ பிஸ்கட்டோ. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. போவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் மருந்து அளவைக் கேட்டுவிடச் சொல்லுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும்தான்.

வெப்பத்தாக்கத்தில் வியர்வை நின்றுவிடும் என்று எல்லாரும் காத்திருப்பார்கள். உழைப்பால் வரும் வெப்பத்தாக்கத்தில் வியர்த்துக்கொண்டே இருக்கும். உளறல், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம், இவைதான் அடையாளம். உடனே நிழலில் படுக்கவைத்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். கீழே தூக்கிச் சென்ற பிறகு குளிர்விக்கலாம் என்று நினைத்தால் காலம் கடந்துவிடும்.

ஓடை நீர் கண்ணாடி போல இருந்தாலும் நேரே குடிக்காதீர்கள். எலி சிறுநீர்க் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி மிக மெல்லியது, 0.2 மைக்ரான் வடிகட்டியில்கூட நுழைந்துவிடும். துணியில் வடித்து, குளோரின் மாத்திரையைப் பொட்டலத்தில் போட்ட அளவுப்படி கரைத்து, 30 நிமிடம் விடுங்கள். கொதிக்க வைக்க முடிந்தால் தளதளவென்று 1 நிமிடம் போதும். மழை பெய்தால் ஃப்ளைஷீட்டிலிருந்து வழியும் நீர் ஓடையைவிட நல்லது, முதல் சில நிமிட நீரை விட்டுவிட்டுப் பிடியுங்கள். காலில் புண்ணிருந்தால் ஓடையில் இறங்கும் முன் நீர் புகாத ஒட்டுப்பட்டை போடுங்கள். திரும்பி வந்து 30 நாளுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போனதை நீங்களே சொல்ல வேண்டும், அவர் கேட்க மாட்டார்.

பாச்சாட் என்றாலே மலாயில் அட்டைதான், எதிர்பார்த்துப் போங்கள். நகத்தால் வாய்ப்பக்கத்தை ஒதுக்கித் தள்ளினால் விழுந்துவிடும். நெருப்போ உப்போ வைத்தால் குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும். ரத்தம் நிற்க நேரமாகும், அழுத்திப் பிடியுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். மோதிரம், வளையல், காப்பு எல்லாம் கழற்றி, கடிபட்ட கை காலைக் குச்சி வைத்துக் கட்டி அசையாமல் வையுங்கள். வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரம் எழுதுங்கள். மருத்துவமனையில் விஷம் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். பாம்பைத் தேடிப் போய் அடிக்க வேண்டாம்.

நான் அதைவிட அஞ்சுவது குளவியைத்தான். ஒருவர் கூட்டைக் கலைத்துவிட்டால் கையை வீசாமல், தலையை மூடிக்கொண்டு, வந்த வழியே ஓடச் சொல்லுங்கள். மூச்சு இழுப்பும் முகவீக்கமும் வந்தால் அரிப்பு மாத்திரை போதாது, 999.

கொடிமலை:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ராவாங் அண்ணன் ஆற்றைப் பற்றிச் சொன்னதோடு இன்னொரு ஏமாற்றையும் சேர்க்க வேண்டும்: ஊர் வெளிச்சம். கொடிமலையில் இருட்டியதும் கீழே ஜார்ஜ் டவுன் விளக்குகள் மரங்களுக்கு இடையே தெரியும், வண்டிச் சத்தமும் கேட்கும். நேரே இறங்கினால் அரை மணியில் ரோட்டுக்குப் போய்விடலாம் என்று பாதையை விடுவார்கள். இடையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத பாறைச் சரிவு. கோலாலம்பூரில் புக்கிட் தாபூரிலும் இதே நிலைமைதான். வெளிச்சம் தெரிகிறது என்பதற்காகப் பாதையை விடவே கூடாது.

கைப்பேசி பற்றி யாரும் சொல்லவில்லை. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஏனென்றால் அது செயற்கைக்கோளிலிருந்து பெறுவது மட்டுமே. வரைபடத்தை வீட்டு வைஃபையில் முன்பே இறக்கி, பாதைத் தடத்தையும் அதில் ஏற்றிவிடுங்கள். குறைந்தது மூன்று கைப்பேசிகளில் இருக்கட்டும். மலை ஏறியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். சிக்னல் தேடித் தேடியே மின்கலம் காலியாவதுதான் வழக்கம். மழையில் தொடுதிரை ஈர விரலுக்குக் கேட்காது, அதனால் நெகிழி உறைக்குள் போட்டு உறையின் மேலிருந்தே தொட்டுப் பழகுங்கள்.

உதவி கேட்கும்போது 999. உங்கள் நிறுவனத்தின் கோபுரம் எட்டாத இடத்தில் 112 அடித்தால் கிடைக்கிற வேறு வலையமைப்பில் போகும். இணைப்பு கிடைத்ததும் முதலில் சொல்ல வேண்டியது இடம்: தசம வடிவில் அட்சரேகை, தீர்க்கரேகை. பிறகுதான் எத்தனை பேர், என்ன காயம். அழைப்பு எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமானால் ஊரிலிருக்கும் ஆளுக்குச் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போகாத இடத்திலும் அது சில சமயம் போய்ச் சேரும்.

அந்த ஊரிலிருக்கும் ஆள் யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். அவரிடம் 14 பெயர்கள், குடும்பத் தொடர்பு எண்கள், வண்டிப் பதிவெண்கள், பாதை, எல்லாம் ஒரு தாளில். "இரவு 9 மணிக்குள் நான் கூப்பிடவில்லை என்றால் நீ 999 கூப்பிடு" என்று நேரத்தோடு சொல்லுங்கள். "லேட்டானா பார்த்துக்கோ" என்று சொன்னால் அவர் நள்ளிரவு வரை யோசித்துக்கொண்டிருப்பார்.

விசில்: நிமிடத்தில் 6 முறை, ஒரு நிமிடம் அமைதி, மறுபடி 6. அந்த அமைதிதான் முக்கியம், பதில் வருகிறதா என்று கேட்க வேண்டுமே. குரல் ஒரு மணி நேரத்தில் போய்விடும், விசில் போகாது. இரவில் விளக்கையும் இதே கணக்கில் அணைத்து எரியுங்கள்.

செந்தூல்வாசி:

மிக்க நன்றி அண்ணே, அக்கா. ஆற்று யோசனையைக் கைவிட்டோம். இரண்டு சந்தேகம். 1 மணிக்குத் திரும்புவதை இளசுகள் ஏற்க மாட்டார்கள், உச்சிக்குப் போகிறவர்கள் போகட்டும், மற்றவர்கள் பாச்சாட்டில் காத்திருக்கட்டும் என்கிறார்கள். அது சரிப்படுமா? ஒருவருக்கு அடிபட்டால் எத்தனை பேர் அவரோடு இருக்க வேண்டும்?

ராவாங் மலைநடை:

தம்பி, கூட்டம் பிரிவதென்றால் அன்று காலையில் அல்ல, இன்றே பிரியுங்கள். இரண்டு அணி, இரண்டு வழிகாட்டி, ஒவ்வொன்றிலும் ஃப்ளைஷீட்டும் முதலுதவியும் வரைபடமும் தனித்தனியாக. ஒரே வழிகாட்டிதான் என்றால் பிரியக் கூடாது. பாச்சாட்டில் வியர்வை ஈரத்தோடு மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் முதலில் குளிரும். பொறுமையிழந்து தாங்களாக இறங்கத் தொடங்குவதும் அவர்கள்தான். திரும்பும் நேரம் இரண்டு அணிக்கும் ஒன்றே.

அடிபட்டால் ஓர் அணியில் குறைந்த எண்ணிக்கை 4: அடிபட்டவர் ஒருவர், அவரோடு ஒருவர், உதவி தேட இருவர். உதவிக்குப் போகிறவர் தனியாகப் போகவே கூடாது. இடத்தின் எண்கள், நேரம், காயம், அங்கே எத்தனை பேர், என்ன பொருள் இருக்கிறது என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ஓடி இறங்கிய பதற்றத்தில் மனப்பாடமாகச் சொன்னது தவறாகத்தான் வரும். பேனா வேண்டாம், பென்சில். நனைந்த தாளில் பேனா எழுதாது.

கிள்ளான் தாதி:

இருட்டியபின் அடிபட்டவரை நகர்த்த வேண்டாம், கொட்டும் மழையிலும். நீர் ஏறும் இடம், மரம் விழும் இடம் என்றால் மட்டும் விதிவிலக்கு. ஈரமான வேரில் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் போகிறவர் விழுந்தால் இரண்டு நோயாளி. அடிபட்டவருக்கு அடியில் சருகு மெத்தை போட்டு, இருபுறமும் ஒருவர் ஒட்டி உட்காருங்கள்.

செந்தூல்வாசி:

சரி அக்கா. இரண்டு அணியாகவே போகிறோம். தலைவிளக்கு எந்த மாதிரி வாங்குவது?

கொடிமலை:

200 லூமென் போதும், அதற்கு மேல் பிரகாசம் மின்கலத்தைத்தான் தின்னும். ஏஏஏ பேட்டரி போடுகிற வகையாக எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்கினால் ஒருவர் பேட்டரி இன்னொருவருக்கு ஆகும். ஆளுக்கு ஒரு புது செட் கூடுதலாக. பைக்குள் பொத்தான் அழுந்தித் தானாக எரிந்து தீர்ந்துவிடுவது அடிக்கடி நடக்கும். பூட்டும் வசதி இல்லாத விளக்கென்றால் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டுக் கொண்டுபோங்கள். பயணத்துக்கு முந்தைய இரவு வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, இருட்டில் கையால் தடவியே பேட்டரி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், 14 பேரையும்.